மனநல மருத்துவருக்குக் கைக்காசு கட்டினால் யார் கண்ணுக்கு மறையும்?

நியூ ஜெர்சியில், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் நீங்கள், சில மாதங்களாகத் திடீர் திடீரென்று வரும் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மனநல மருத்துவரைப் பார்க்க முடிவுசெய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணவரின் அலுவலகம் தந்த காப்பீட்டைப் பயன்படுத்தினால் விஷயம் அவருடைய அலுவலகத்துக்கும், வீட்டுக்கு வரும் கடிதங்கள் வழியாகப் புகுந்த வீட்டாருக்கும், நாளை கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கும் போய்ச் சேருமோ என்று அஞ்சி, முழுத்தொகையையும் கையிலிருந்தே கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கட்டலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் கைக்காசு சில கண்களுக்கு மட்டுமே விஷயத்தை மறைக்கும். எந்தக் கண்ணுக்கு மறைக்க வேண்டும் என்று முதலில் தீர்மானிக்காமல் பணத்தைச் செலவழித்தால், மறைய வேண்டியது மறையாமலும் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்காமலும் போகும்.

நான் மருத்துவனோ வழக்கறிஞனோ அல்லன். சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் இரவுப் பணியில், மருத்துவர்களுக்கு வர வேண்டிய பணத்துக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்துப் பேசும் ஏஆர் காலராகத் தொடங்கி, இப்போது இங்கே மனநல மருத்துவர்கள் நடத்தும் ஒரு சிறு கிளினிக்கின் கணக்கைப் பார்ப்பவன். ஆகவே பணமும் காகிதமும் எந்த வழியில் போகின்றன என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பணம் கேட்டு மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பமான கிளெய்மில் என்ன எழுதியிருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிஎம்எஸ்-1500 என்ற படிவத்தில், அல்லது அதன் மின்வடிவத்தில், உங்கள் பெயர், பிறந்த தேதி, மருத்துவரின் பெயர், சந்தித்த நாள், சேவைக்கான ஐந்திலக்க எண், நோய்க்கான குறியீடு ஆகியவை இருக்கும். 90792 என்றால் மனநல மருத்துவர் செய்யும் முதல் மதிப்பீடு; எஃப் 41.0 என்றால் பீதி நோய். எஃப் 32 என்று தொடங்குபவை மனச்சோர்வு. நோய்க் குறியீடு இல்லாத கிளெய்முக்குப் பணம் வராது. நீங்கள் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசியவை அதில் இருக்காது. உரையாடல் சிகிச்சை தருபவர் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளை, உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் பெற முடியாது என்று ஹிப்பா என்ற மத்திய மருத்துவத் தனியுரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. ஆனால் வழக்கமான மருத்துவப் பதிவை, பணம் கொடுப்பது சரிதானா என்று பார்ப்பதற்காக நிறுவனம் கேட்கலாம், கேட்பதும் உண்டு.

அந்தக் கிளெய்மைக் கையாளுகிறவர் அம்பத்தூரிலோ பெருங்குடியிலோ இரவு இரண்டு மணிக்குக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ் இளைஞராகவும் இருக்கலாம். நான் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். ஓர் இரவில் எத்தனையோ பெயர்களையும் எத்தனையோ எஃப் குறியீடுகளையும் கடந்திருக்கிறேன்; ஒரு பெயர்கூட இன்று நினைவில் இல்லை. வெட்டு விழுந்த கிளெய்முக்கு எப்படிப் பணம் வரவழைப்பது என்பதுதான் அப்போதைய கவலை. முகமறியாத இந்தக் கண்களைப் பற்றி நீங்கள் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

அலுவலகத்தைப் பற்றிய அச்சத்திலும் பாதிதான் உண்மை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர்களின் மருத்துவச் செலவை நிறுவனமே ஏற்கிறது. அட்டையில் பெயர் இருக்கும் காப்பீட்டு நிறுவனம் கணக்கை மட்டும் நிர்வகிக்கிறது. அத்தகைய திட்டத்தில், நிர்வாக வேலைக்காகச் சில மனிதவளப் பணியாளர்களுக்கு விவரம் கிடைக்க வழி உண்டு. ஆயினும் அந்த விவரத்தை வேலை தொடர்பான முடிவுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஹிப்பா தடுக்கிறது. அந்தப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தடுப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கணவரின் மேலாளர் மேசைக்கு உங்கள் பெயரோடு ஒரு தாள் வந்து விழுவதில்லை.

உண்மையில் விஷயம் வெளியே வருவது வீட்டுத் தபால்பெட்டி வழியாகத்தான். ஒவ்வொரு கிளெய்முக்கும் பிறகு காப்பீட்டு நிறுவனம் இஓபி என்றழைக்கப்படும் கணக்கு விளக்கக் கடிதத்தை அனுப்புகிறது. எந்த மருத்துவர், எந்த நாள், எவ்வளவு கட்டணம், நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று அதில் இருக்கும். அது பெரும்பாலும் காப்பீட்டை எடுத்தவர் பெயருக்கு, அதாவது உங்கள் கணவர் பெயருக்கு வரும். அவருடைய இணையக் கணக்கிலும் தெரியலாம். சில நிறுவனங்கள் 18 வயதைக் கடந்தவர்களுக்கு அவரவர் பெயரிலேயே அனுப்புகின்றன. ஆகவே முதலில் அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணை அழைத்து, உங்கள் திட்டத்தில் வழக்கம் என்ன என்று கேளுங்கள். கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு: விவரம் வெளியானால் உங்களுக்கு ஆபத்து நேரலாம் என்று நீங்கள் தெரிவித்தால், நியாயமான அந்த வேண்டுகோளைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது மத்திய விதி. கலிபோர்னியா ஒரு படி மேலே சென்று, 2022 ஜூலை முதல், மனநலம் போன்ற சேவைகளுக்கு ஆபத்தைக் காரணம் காட்டாமலேயே இவ்வாறு கேட்க வழிசெய்திருக்கிறது. உங்கள் மாநிலம் அதுவல்ல என்றாலும், கேட்பதற்குச் செலவில்லை. உங்கள் கவலை இந்தக் கடிதம் மட்டும்தான் என்றால், ஆயிரக்கணக்கான டாலர் செலவழிப்பதற்கு முன் இந்தத் தொலைபேசி அழைப்பு போதுமா என்று பாருங்கள்.

இனி கைக்காசுக்கு வருவோம். நீங்கள் ஒரு சேவைக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, அதைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டால், ஹிப்பாவுக்கு உட்பட்ட மருத்துவர் அதை மறுக்க முடியாது. முன்பெல்லாம் மருத்துவர் விரும்பினால் ஏற்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்றுதான் இருந்தது. 2009-ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டமும் அதை நடைமுறைப்படுத்திய 2013-ஆம் ஆண்டின் விதியும் இதை நோயாளியின் உரிமையாக மாற்றின. மருத்துவர் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் வலைப்பின்னலுக்குள் இருப்பவராக இருந்தாலும் இது செல்லும். ஆனால் நீங்கள் கேட்டால்தான் இந்த உரிமை பிறக்கிறது. பணம் கட்டினாலே தானாக வந்துவிடாது. வரவேற்பு மேசையில் வழக்கம்போல் காப்பீட்டு அட்டையைக் கேட்பார்கள், நீங்களும் நீட்டிவிடுவீர்கள், அன்று மாலையே கிளெய்ம் போய்விடும். போன கிளெய்மைத் திரும்பப் பெறலாமே தவிர, போன தகவலைத் திரும்பப் பெற முடியாது. எனவே முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். நீங்கள் தந்த காசோலை திரும்பிவந்து, கேட்டும் பணம் வராவிட்டால், மருத்துவர் காப்பீட்டுக்கு அனுப்பலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வேண்டுகோள் அந்த ஒரு மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மருத்துவர் படபடப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரும் செர்ட்ரலின் மாத்திரையை எழுதினால், நீங்கள் அறையை விட்டு வெளியே வருவதற்குள் மருந்துச்சீட்டு மின்வழியாக மருந்தகத்தை அடைந்திருக்கும். அங்கே பழைய பதிவில் உங்கள் காப்பீட்டு எண் இருக்கும். ஒரு நிமிடத்தில் கிளெய்ம் பறந்திருக்கும். நான் பார்த்த ஒருவர் மூன்று மாதம் மருத்துவருக்குச் சிரத்தையாகப் பணமாகவே கட்டிவந்தார். காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய அதே கடையில் இந்த மாத்திரையையும் வாங்கியதால், முதல் வாரமே அவர் மறைக்க நினைத்த அனைத்தும் காப்பீட்டுக் கணக்கில் ஏறியிருந்தது. இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் இது பொருந்தும். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; பரிசோதனையின் பெயரே நோயைச் சொல்லிவிடும். பிறகு உங்கள் குடும்ப மருத்துவர் அதே மாத்திரையைத் தொடர்ந்து எழுதித்தர ஒப்புக்கொண்டு, அந்தச் சந்திப்பைக் காப்பீட்டில் போட்டால், எஃப் குறியீடு அந்த வாசல் வழியாக உள்ளே போகும். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

மாத்திரைக்குக் கைக்காசு கொடுப்பது கடினமில்லை. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிரம் போன்றவற்றின் ஜெனரிக் வடிவம் பல கடைகளில் மாதத்துக்குச் சில டாலர்தான். ஆனால் விலையைக் குறைக்கத் தள்ளுபடிச் செயலிகளை நாடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அவற்றில் பெயர்பெற்ற குட்ஆர்எக்ஸ், பயனர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததாகக் கூறி, மத்திய வணிக ஆணையம் 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. அடுத்த மாதமே, இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் மீது இதே வகைக் குற்றச்சாட்டு எழுந்து, 78 லட்சம் டாலர் தர அது ஒப்புக்கொண்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மறைக்கப்போய் விளம்பரக்காரர்களிடம் கொடுத்த கதையாகிவிடக் கூடாது.

அடிமையாக்கக்கூடும் என்பதால் அரசு கட்டுப்படுத்தும் அல்பிரசோலம், மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் வேறு வகை. காசு யார் கொடுத்தாலும் அவை மாநில அரசின் மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டில் ஏறும். அவற்றுக்கு ரொக்கமாகப் பணம் நீட்டினால் மருந்தாளுநர் ஒருமுறைக்கு இருமுறை உங்களைப் பார்ப்பார். ரொக்கம் கொடுப்பதை ஓர் எச்சரிக்கை அடையாளமாகக் கருதும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

வீட்டுக்குள் மறைப்பதே நோக்கம் என்றால், கூட்டுக் கணக்கின் கடன் அட்டையில் கட்டுவதில் பொருளில்லை. இஓபி செய்ய இருந்த வேலையை அட்டையின் மாதப் பட்டியல் செய்துவிடும்.

செலவுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், நியூயார்க்கை ஒட்டிய பகுதிகளில் முதல் சந்திப்புக்கு 300 முதல் 500 டாலரும், அதற்குப் பிந்தைய குறுஞ்சந்திப்புகளுக்கு 150 முதல் 300 டாலரும் கேட்பது வழக்கம். முதல் சந்திப்பு 450, பிறகு ஆறு சந்திப்புகள் 225 வீதம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக்கு 1,800 டாலர் ஆகிறது. மருந்துக்கு மட்டும் மருத்துவரைப் பார்ப்பவருக்கு இது சமாளிக்கக்கூடிய தொகையாக இருக்கலாம். ஆனால் வாரந்தோறும் உரையாடல் சிகிச்சை தேவைப்பட்டால், 200 டாலர் வீதம் நாற்பது வாரத்துக்கு 8,000 ஆகிவிடும். ஒரு சம்பளத்தில் நடக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. காப்பீட்டுக்குத் தெரியாமல் கட்டிய இந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட ஆண்டின் டிடக்டிபிளில், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டி முடிக்க வேண்டிய தொகையில், சேராது. பணம் தீர்ந்து நடுவில் சிகிச்சையை நிறுத்துவதைவிட, தொடக்கத்திலேயே காப்பீட்டைப் பயன்படுத்துவது மேல் என்பது என் கருத்து.

சூப்பர்பில் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மருத்துவருக்கு முழுப் பணம் கட்டி, அவர் தரும் விரிவான ரசீதை நீங்களே காப்பீட்டுக்கு அனுப்பி, ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் முறை அது. அந்த ரசீதில் கிளெய்மில் இருக்கும் அதே குறியீடுகள்தான் இருக்கும்; அதை அனுப்பிய கணமே மறைவு போய்விடும். பணமும் வேண்டும், மறைவும் வேண்டும் என்றால் நடக்காது. திரும்பி வரும் தொகையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். மருத்துவர் 300 டாலர் வாங்கியிருந்தாலும், அந்தச் சேவைக்கு 180 டாலர்தான் நியாயம் என்று நிறுவனம் வைத்துக்கொண்டு, வெளிமருத்துவருக்கான, அதாவது வலைப்பின்னலில் இல்லாத மருத்துவருக்கான, தனி டிடக்டிபிள் முடிந்த பிறகு அந்த 180-இல் 60 சதவீதம் தருவதாக இருந்தால், உங்கள் கைக்கு வருவது 108 டாலர்.

எச்எஸ்ஏ என்ற வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்து கட்டலாம். மனநலச் சிகிச்சை வரிச்சலுகைக்குரிய மருத்துவச் செலவே. ரசீதை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, வரித்துறை கேட்டால் காட்டுவதற்காக வைத்திருந்தால் போதும். அலுவலகம் வழியாகச் சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கு என்றால், அலுவலகம் அமர்த்திய நிர்வாகி ரசீது கேட்கக்கூடும். கணக்கு கணவர் பெயரில் இருந்தால், மேலே கடன் அட்டையைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பணத்துக்கு முன்பே ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டைப் பயன்படுத்தாத நோயாளிக்கு உத்தேசச் செலவை எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். இறுதிக் கட்டணம் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாட்களுக்குள் அதை எதிர்த்து முறையிடலாம்.

மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வந்தால் கைக்காசு என்ற பேச்சே வேண்டாம். சில நாட்களிலேயே தொகை பல ஆயிரங்களுக்கு ஏறும். அந்த இடத்தில் காப்பீடுதான் துணை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால், இந்தக் கணக்குகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு 988 என்ற எண்ணை அழையுங்கள்.

நீங்கள் விரும்பாமலேயே கைக்காசுக்குத் தள்ளப்படவும் கூடும். 2009-10 காலத் தரவுகளின்படி, தனியார் காப்பீட்டை ஏற்ற மனநல மருத்துவர்கள் சுமார் 55 சதவீதம்தான். பிற துறை மருத்துவர்களில் அது 89 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எங்கள் கிளினிக்கின் கணக்கை வைத்துச் சொன்னால் காரணம் எளிது: நிறுவனம் தரும் தொகை குறைவு, முன் அனுமதி கேட்டு நிற்கும் நேரம் அதிகம், வாசலில் காத்திருக்கும் நோயாளிகளோ ஏராளம். காப்பீட்டு நிறுவனம் தரும் மருத்துவர் பட்டியலையும் அப்படியே நம்ப முடியாது. 2023-இல் அமெரிக்க செனட்டின் நிதிக்குழு ஊழியர்கள் ஆறு மாநிலங்களில், முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களின் பட்டியல்களிலிருந்து 120 பேரை அழைத்துப் பார்த்தபோது, 18 சதவீத அழைப்புகளில்தான் சந்திப்பு நேரம் கிடைத்தது. நீங்கள் பத்துப் பேரை அழைத்து ஒருவரும் கிடைக்காவிட்டால், அழைத்த நாள், பெயர், கிடைத்த பதில் ஆகியவற்றைக் குறித்து வைத்து, வெளிமருத்துவரை உள்மருத்துவர் கட்டணத்தில் பார்க்க அனுமதி தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். சலிக்காமல் கேட்பவர்களில் சிலருக்குக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்காலத்தைப் பற்றிய அச்சங்களில் ஒன்று இப்போது இல்லை. 2014 முதல், முன்பே இருந்த நோயைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்கவோ அதன் கட்டணத்தைக் கூட்டவோ ஒபாமா காலத்துச் சட்டம் அனுமதிப்பதில்லை. தனிநபர் ஆயுள் காப்பீடும், வேலை செய்ய முடியாமற்போனால் வருமானம் தரும் காப்பீடும் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டா; அவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய படிவம், கடந்த சில ஆண்டுகளில் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சை பெற்றீர்களா என்று கேட்குமே தவிர, யார் பணம் கட்டினார்கள் என்று கேட்காது. உங்கள் சம்மதத்தின்பேரில் மருந்து வாங்கிய வரலாற்றைத் திரட்டித் தரும் நிறுவனங்களும் உண்டு. ‘இல்லை’ என்று பொய்யாக எழுதி, பாலிசி எடுத்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால், அந்தப் பதிலைக் காட்டியே நிறுவனம் பணம் தர மறுக்கலாம். விமான ஓட்டிகளுக்கான மருத்துவப் படிவத்திலும் நிலை இதுதான்: கேள்வி சிகிச்சையைப் பற்றியது.

கிரீன் கார்டுக்கு வருகிறேன். கிரீன் கார்டுக்குத் தேவையான ஐ-693 மருத்துவப் பரிசோதனையைச் செய்ய அரசு நியமித்த மருத்துவரான சிவில் சர்ஜன் உங்கள் காப்பீட்டுக் கிளெய்ம்களைத் தோண்டிப் பார்ப்பதில்லை. உங்களைக் கேட்கிறார், பரிசோதிக்கிறார். தடையாகக் கருதப்படுவது, உங்களுக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தையோடு கூடிய நோய், அல்லது முன்பு அப்படி இருந்து மீண்டும் வரக்கூடும் என்று கருதப்படும் நிலை. படபடப்புக்கு மருத்துவரைப் பார்த்து மாத்திரை சாப்பிடுவது அந்த வரையறைக்குள் வராது. தற்கொலை முயற்சியோ கட்டாய மருத்துவமனைச் சேர்ப்போ நடந்திருந்தால் மட்டும், விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது. எந்த நிலையிலும் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வது நோயைவிடப் பெரிய தடையாகிவிடும். ஆக, கிரீன் கார்டுக்காகக் கைக்காசு கட்டுவது வீண்செலவு.

சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் காணொளியில் பேசிவிடலாமே என்றும் நம்மவர்கள் கேட்பார்கள். தமிழில் பேசி மனம் ஆறுவது பெரிய விஷயம்தான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்காவில் உரிமம் இல்லாத மருத்துவர் எழுதும் சீட்டுக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் மருந்தகம் மாத்திரை தராது; ஊருக்குப் போய் வருபவர்களிடம் சொல்லி ஆறு மாத மாத்திரையை வரவழைத்துக்கொண்டு, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் விழுங்குவதை எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிவது, நீங்கள் அஞ்சுவது முக்கியமாக அந்த இஓபி கடிதத்துக்கு என்பதே. அப்படியானால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, கடிதம் யார் பெயருக்குப் போகிறது, அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்ற முடிந்தால் காப்பீட்டையே பயன்படுத்துங்கள். முடியாது என்றால், மருந்துக்கான முதல் நான்கைந்து சந்திப்புகளைக் கைக்காசில் வைத்துக்கொண்டு, நீண்டகால உரையாடல் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லும்போது மீண்டும் யோசிக்கலாம். மருத்துவரிடம் நேரம் குறிக்கும்போதே, ‘நான் முழுத்தொகையையும் நானே கட்டுகிறேன், காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்தத் தகவலும் போகக் கூடாது என்ற வேண்டுகோளை எழுத்தில் தருகிறேன், செலவு மதிப்பீட்டை அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டு எண் பதிவாகாத மருந்தகம் ஒன்றை அதற்கு முந்தைய நாளே தேர்ந்தெடுத்து அழைத்து, வரும் சீட்டைக் காப்பீட்டில் போட வேண்டாம் என்று சொல்லிவைத்துவிட்டு, மருத்துவரிடம் அந்தக் கடையின் பெயரையே கொடுங்கள்.